சாக்கில் பிடித்த தண்ணீர்

காற்றுப்பாறை ஏலத்தோட்டம், ஆனைமலை
1937, கார்த்திகை 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை பழனாத்தாள் வணக்கத்தோடு எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் மாசாணியம்மன் தயவில் சுகமாக மேலே வந்து சேர்ந்தோம். நீங்களும், எனக்கு அண்ணியாக வந்த நங்கையும் சுகமா? வெள்ளைப் பசு கன்று போட்டுவிட்டதா?

பொள்ளாச்சி வரை பஸ், அடிவாரம் வரை வண்டி, அப்புறம் முழுக்க நடைதான். எங்கள் வீடு மலையின் முதுகிலேயே இருக்கிறது. பக்கத்துப் பாறையில் ஓர் ஊற்று. வேலைக்காரர் குடியிருக்கிற லைன் வீடுகளுக்கும் எங்களுக்கும் அதுதான் தண்ணீர். கீழே நாற்றங்காலில் ஏல நாற்றுகள் முளைத்திருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் மாப்பிள்ளையின் முதல் வேலை.

வந்த அன்று சாயங்காலம் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மேற்கே பள்ளத்திலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பி மேலே வந்தது. காடு பற்றிக்கொண்டது என்று பயந்து அவரைக் கூப்பிட்டேன். அவர் சிரித்துவிட்டு, அதற்கு இங்கே மஞ்சு என்று பேர், மலையாளத்துக் கடலில் இருந்து ஏறி வருகிறது என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் அது எங்களுக்குள் புகுந்துவிட்டது. கையில் வைத்திருந்த செம்பு என் கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் ஓடினால் அங்கேயும் அதுவே உட்கார்ந்திருந்தது. பயம் போய் நெடுநேரம் வாயைத் திறந்தபடி நின்றேன்.

மேக்காட்டில் புதுக்கிணறு எதுவரை வந்திருக்கிறது? நங்கையையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
பழனாத்தாள்


மேட்டுப்புதூர், வெள்ளகோவில் வழி
மார்கழி 3

அம்மிணி பழனாத்தாளுக்கு,

அண்ணன் மாரப்பன் ஆசீர்வாதம். நாங்கள் நலம். மாப்பிள்ளை கந்தப்பனுக்கு மலைக்குளிர் ஒத்துக்கொண்டதா? வெள்ளைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. உன் நங்கை அதோடுதான் பேசிக்கொண்டிருக்கிறாள், என்னோடு பேச நேரமில்லை.

நீ மேகத்தைப் பார்த்துக் காட்டுத்தீ என்று அலறியதை ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

நம்மைப் பெற்ற அய்யன் வெட்டிய கிணற்றில் அடிமண் தெரிகிறது. எருதுகள் இறைக்கப் போய் வெறும் சாலோடு திரும்புகின்றன. அதனால் புதுக்கிணற்றை விடுவதாயில்லை. செம்மண் முடிந்தது, சரளையும் முடிந்தது, இப்போது கரும்பாறை. வெடி வைக்க வெளியாளைத் தேடி அலுத்துப்போய் நானே தோட்டா வைக்கக் கற்றுக்கொண்டேன். நேற்று வெடித்த இடத்தில் கல்லைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. தண்ணீர் பக்கத்தில்தான் இருக்கிறது. தைக்குள் இந்த மானாவாரிக் காடு தண்ணீர் பாயும் தோட்டமாகிவிடும். அடுத்த முறை நீ வரும்போது வாழைக்கு நடுவில் நடந்து வருவாய்.

அண்ணன்,
மாரப்பன்


காற்றுப்பாறை
தை 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு உங்கள் கடிதம் வரும் என்று தபால் பை ஏறும்போதெல்லாம் வாசலில் நின்றேன். வரவில்லை. கிணற்றில் தண்ணீர் கண்டு, அந்த மும்முரத்தில் தங்கையை மறந்துவிட்டீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். அப்படியே இருக்கட்டும். நங்கை சுகமா?

இங்கே ஊற்று வற்றிப்போனது. லைன் பெண்களும் நானும் விடிந்ததும் குடத்தோடு பள்ளத்து ஓடைக்கு இறங்குகிறோம். போன வாரம் ஓடையில் யானைக் கூட்டம் நின்றதால் அன்று முழுக்க ஒருவர் வீட்டிலும் உலை வைக்கவில்லை. தோட்டத்துத் துரை மேலே வந்து பார்த்துவிட்டு, பங்குனிக்குள் தண்ணீருக்கு வழி பிறக்காவிட்டால் மேல் லைனைக் காலி செய்துவிட வேண்டியதுதான், நாற்றங்காலையும் கைவிட வேண்டியதுதான் என்று சொல்லிப்போனார். நாற்று போனால் மாப்பிள்ளைக்கு இங்கே வேலையில்லை. வாடின நாற்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

இன்று ஓர் அதிசயம் பார்த்தேன் அண்ணா. பாறை மேட்டில் தனியாக ஒரு மரம். இலையெல்லாம் சின்னச் சின்னது, கிளையெல்லாம் பாசி தொங்கும். காலையில் மஞ்சு விலகினதும் அந்தப் பக்கம் சுள்ளி பொறுக்கப் போனேன். மழை பெய்து மாதங்கள் ஆகின்றன. வழியெல்லாம் புழுதி. ஆனால் அந்த மரத்தடியில் மட்டும் சேறு. கால் புதைந்தது. அண்ணாந்து பார்த்தேன். வானம் நீலமாக, ஒரு பொட்டு மேகம் இல்லாமல் இருந்தது. மரம் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு கார்டாவது போடுங்கள்.

பழனாத்தாள்


மேட்டுப்புதூர்
மாசி 2

அம்மிணி பழனாத்தாளுக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். நாங்கள் எல்லோரும் சுகம். கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று யோசிக்காதே. கையில் கல் பட்டுவிட்டது. ஐயாசாமி வாத்தியார் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். கிணற்று வேலை கொஞ்ச நாளாக நிற்கிறது.

அந்த மரத்தைப் பற்றி எழுது. மஞ்சு முதலில் எந்தப் பக்கம் கிளம்புகிறது, என்ன நிறத்தில் வருகிறது, மரத்தில் எப்படித் தண்ணீராகிறது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுது. நான் உன் பக்கத்தில் நிற்கிற மாதிரி எழுது. அவசரமில்லை, பெரிதாகவே எழுது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

மாரப்பன்


காற்றுப்பாறை
மாசி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். கைக்காயம் ஆறிவிட்டதா? மஞ்சள் பற்றுப் போடச் சொல்லுங்கள். கடிதத்தில் நங்கையின் ஒரு வரியும் இல்லையே, கோபமா?

மறுபடியும் கேலி செய்யத்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெயில் சாயும்போது மேற்கே மலையாளத்துச் சமவெளி செம்பு நிறத்தில் கிடக்கும். அதன் ஓரத்தில் பால் கொட்டினது போல் ஒரு கோடு தெரியும். அதுதான் மஞ்சு. அந்தக் கோடு பருத்துப் பருத்து, ஒவ்வொரு பள்ளமாக நிரப்பிக்கொண்டு வரும். சூரியன் பட்ட மேல்பக்கம் பொன், அடிப்பக்கம் சாம்பல், நடுவில் புறாக்கழுத்தின் நீலம். மலைகள் ஒவ்வொன்றாக முழுகும். கடைசியில் நாங்கள் நிற்கிற முதுகு மட்டும் தீவு மாதிரி மிஞ்சும். அப்புறம் அதுவும் இருக்காது.

போன வெள்ளிக்கிழமை கம்பளியைக் கொடியில் போட்டிருந்தேன். மஞ்சு வந்தது, எடுக்க மறந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் கொடி அறுகிற அளவுக்குக் கனத்துத் தொங்கியது. பிழிந்தேன். ஒரு சட்டி தண்ணீர். யாரும் ஊற்றாத தண்ணீர் அண்ணா. அதைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கடைசியில் கும்பிட்டேன்.

அன்றைக்கே மாப்பிள்ளை மேட்டில் மூங்கில் நட்டு, ஏலக்காய்ச் சாக்குகளைப் பிரித்துப் படுதா மாதிரி கட்டினார். அடியில் பிளந்த மூங்கிலைச் சாய்த்து, முனையில் குடம் வைத்தோம். லைனில் மாசாணியம்மாள் என்று ஒரு கெட்டிக்காரி. அவள் வந்து பார்த்து, "ஏனுங்க, சாக்குக்குத் தாகமெடுத்துருச்சுங்களா, கொடத்தைக் காட்டிட்டு நிக்கறீங்க?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். காலையில் அதே மாசாணியம்மாள்தான் குடத்துக்குள் கையை விட்டுப் பார்த்து, தன் வீட்டுச் சாக்கை எடுத்து வந்தாள்.

முதல் தண்ணீரில் சாக்கு நாற்றம். ஆனாலும் எல்லோரும் ஆளுக்கொரு வாய் குடித்தோம். கோயில் தீர்த்தத்தைக்கூட நான் அப்படிக் குடித்ததில்லை.

நீங்கள் ஒரு முறை வந்து பார்க்க வேண்டும்.

பழனாத்தாள்


மேட்டுப்புதூர்
மாசி 27

கண்ணு பழனாத்தாளுக்கு,

உன் நங்கை பாவாத்தாள் எழுதுவது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இது உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிற காகிதம். உனக்கு நான் எழுதாமல் இருந்தது கோபத்தில் அல்ல. எழுதினால் பொய் எழுத வேண்டும்.

மார்கழி கடைசியில் கிணற்றில் ஒரு தோட்டா வெடிக்கவில்லை. திரி அணைந்துவிட்டது என்று நினைத்து உன் அண்ணன் இறங்கினார். குனிந்து பார்த்த நேரத்தில் வெடித்துவிட்டது. உயிர் தப்பியதே சாமி புண்ணியம். கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரியில் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். முகத்துக் காயம் ஆறியது. கண் இரண்டும் போய்விட்டது அம்மிணி. இனி வராது என்று சொல்லிவிட்டார்கள்.

உனக்குச் சொல்லக்கூடாது என்று என் தாலிமேல் சத்தியம் வாங்கினார். "கல்யாணம் ஆன வருசம் அவளுக்கு. தெரிஞ்சா மலையில இருந்து அழுதுட்டே ஓடியாந்துருவா" என்றார். அன்றிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சோறு பாதி இலையில் நிற்கும். கன்றுக்குட்டி வந்து கையை நக்கினாலும் தடவுவதில்லை.

உன் காகிதம் வந்தால் மட்டும் எழுந்து உட்காருகிறார். வாத்தியாரைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்கிறார். புறாக்கழுத்தின் நீலம் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, அதைத் தானும் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். நேற்று ஒரு சாக்கை நனைத்து முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அவர் அதில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். நான் மறுபக்கம் நின்று அழுதேன்.

நீ வரவேண்டாம். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

பாவாத்தாள்


காற்றுப்பாறை
பங்குனி 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நாங்கள் சுகமாக இருக்கிறோம். நீங்களும் நங்கையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கொஞ்ச நாள் எழுத முடியவில்லை. வேலை அதிகம்.

மஞ்சு வரும்போது எப்படி இருக்கும் என்று கேட்டீர்களே, போன கடிதத்தில் சரியாகச் சொல்லவில்லை. முதலில் காது அடைக்கும். தூரத்தில் மரம் வெட்டுகிற சத்தம், லைனில் குழந்தை அழுகிற சத்தம் எல்லாம் பஞ்சுக்குள் போன மாதிரி அமுங்கிவிடும். அப்புறம் கன்னத்தில் ஒரு குளிர். காற்று அடிக்கிற குளிர் அல்ல, யாரோ ஈரக் கையை வைத்த மாதிரி. புருவத்தில் ஈரம் சேர்ந்து மூக்கில் இறங்கும். உதட்டை நக்கினால் சுத்தமான தண்ணீர். கடலில் இருந்து வருகிறதாம், ஆனால் உப்பே இல்லை.

அப்போது சாக்குப் பக்கத்தில் நின்றால் முதலில் ஒன்றும் கேட்காது. சாக்கு குடித்துக்கொண்டிருக்கும். அது நிறைந்ததும் மூங்கிலில் ஒரு சொட்டு. மறுபடியும் ஒன்றுமில்லை. நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். இன்னொன்று. அப்புறம் ஆட்டுமந்தை கொறிக்கிற மாதிரி மேடு முழுக்கச் சின்னச் சத்தம். குடத்தின் அடியில் விழும்போது டங்கென்று இருந்தது, நிறைய நிறைய மெத்தென்று மாறும். இப்போது சத்தத்தை வைத்தே எந்தக் குடம் பாதி, எந்தக் குடம் முக்கால் என்று சொல்லிவிடுவேன்.

துரை வந்தார். குடித்துப் பார்த்தார். மேடு நெடுகச் சாக்குக் கட்டச் சொல்லிவிட்டார். லைன் காலியாகாது. நாற்று பிழைத்துக்கொண்டது. மாப்பிள்ளை இப்போது சிரிக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா.

பழனாத்தாள்


மேட்டுப்புதூர்
பங்குனி 25

அம்மிணி,

மாப்பிள்ளையின் வேலை நிலைத்தது கேட்டு மனம் நிறைந்தது.

வாத்தியார் உன் கடிதத்தைப் படித்து முடித்ததும், நடுவில் ஏதாவது விட்டுவிட்டாரா என்று கேட்டேன். இல்லை என்றார். மறுபடியும் படிக்கச் சொன்னேன். வெள்ளை இல்லை, சாம்பல் இல்லை, ஒரு நிறமும் இல்லை. காதுக்கும் தோலுக்கும் மட்டும் எழுதியிருக்கிறாய். அப்போதே தெரிந்துகொண்டேன். உன் நங்கையைக் கூப்பிட்டுக் கேட்டேன், ஒத்துக்கொண்டாள். அவள்மேல் கோபமில்லை. உன்மேலும் இல்லை.

எத்தனை நாள் அழுதாய்? கடிதம் தாமதமானதே, அத்தனை நாளுமா?

வெடித்தபோது வலி தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அதுதான் கடைசி. அப்புறம் இருட்டு என்று எல்லோரும் நினைக்கிறார்கள், இருட்டுகூட இல்லை. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது வெறுப்பில் அல்ல. பார்த்ததெல்லாம் மறந்துபோய்விடுமோ என்று பயந்து, ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். காடு, கிணறு, உன் நங்கையின் முகம். நான் பார்த்தே இராத ஒன்றை நீ காட்டினாய். கண் போன பிறகு நான் புதிதாகப் பார்த்தது அது ஒன்றுதான்.

வந்து பார் என்று எழுதியிருந்தாய். கண் இருக்கிறவனுக்கே வழி தெரியாத இடத்தில் நான் வந்து என்ன செய்ய? எனக்கு இந்தச் சுவர் போதும். நீ எழுது. இனி நிறத்தையும் சேர்த்து எழுது.

அண்ணன்


காற்றுப்பாறை
சித்திரை 4

அண்ணா,

நலம் விசாரித்து எழுத இன்று எனக்குப் பொறுமையில்லை. வணக்கம் மட்டும்.

மஞ்சுக்குள் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறீர்கள். நாங்கள் என்ன செய்கிறோமோ அதையேதான். இங்கே அது வந்துவிட்டால் கையை நீட்டிக்கொண்டுதான் நடக்கிறோம். குடத்தைத் தடவித்தான் எடுக்கிறோம். பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறோம். துரையும் அப்படித்தான், மாப்பிள்ளையும் அப்படித்தான்.

இனி எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் அந்தச் சுவரோடு இருந்துவிடுவீர்கள். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை அடிவாரத்தில் நிற்பார். வாத்தியார் பொள்ளாச்சி வரை கூட்டி வரட்டும். நங்கைக்குக் கன்றை விட்டு வர முடியாது என்றால் அப்புறம் வரட்டும்.

பழனாத்தாள்


காற்றுப்பாறை
சித்திரை 22

அன்புள்ள நங்கைக்கு,

பழனாத்தாள் வணக்கம். நீங்கள் சுகமா? கன்று புல் கடிக்கத் தொடங்கிவிட்டதா? அண்ணன் நல்லபடியாக வந்து சேர்ந்தார். மலை ஏறும்போது மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் என் முகத்தைத் தடவிப் பார்த்தார். இளைத்துவிட்டாய் என்று மட்டும் சொன்னார். நான் அழமாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தேன். முடியவில்லை.

மூன்று நாள் மஞ்சு வரவில்லை நங்கை. வெயில் கொளுத்தியது. சாக்கெல்லாம் காய்ந்து விறைத்து நின்றன. வரச்சொல்லி அடம் பிடித்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அண்ணன் வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

நாலாம் நாள் பொழுது சாய்கிறபோது வந்தது. இதுவரை நான் பார்த்ததிலேயே பெரியது. மேற்கு முழுவதும் எழுந்து நடந்து வருகிற மாதிரி வந்தது. குடங்களோடு நின்ற லைன் பெண்கள் முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டார்கள். நான் அண்ணன் கையைப் பிடித்து மேட்டுக்குக் கூட்டிப்போனேன். எங்களை அது மூடியது. அவர் முகத்தை உயர்த்தினார். இமையிலும் மீசையிலும் நீர் கோத்து இறங்கியது.

"மழைங்களா அம்மிணி?" என்று கேட்டார். என்னிடம் அப்படி மரியாதையாகப் பேசுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"இல்லீங்ணா. மேல வானம் காஞ்சுதான் கெடக்குது" என்றேன்.

அவர் என் கையை விட்டுவிட்டார். சாக்கு வரிசையைத் தடவிக்கொண்டே நடந்தார். கொஞ்ச தூரத்தில் எனக்கு அவர் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. ஒரு குடத்துக்குள் கையை விட்டிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது மண்டியிட்டு, முழங்கை வரை தண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தார். குடம் வழிந்து அவர் வேட்டி நனைந்துகொண்டிருந்தது.

"இதை யாரும் வெட்டலியே" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், "ஒருத்தரும் வெட்டலியே அம்மிணி" என்றார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. எல்லோர் முகமும் நனைந்துதான் இருந்தது.

அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். காலையில் மாப்பிள்ளையிடம் கயிறு கேட்டார். வீட்டில் இருந்து மேடு வரை கட்டச் சொல்லி, அதைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போய் வருகிறார். கிழிந்த சாக்கை எல்லாம் மடியில் போட்டுத் தைக்கிறார். கோணி ஊசி நுழைய விரல்தான் அவருக்குக் கண். மாசாணியம்மாள் இப்போது கேலி செய்வது அவரைத்தான். அவரும் பதில் சொல்கிறார். அந்தச் சிரிப்புச் சத்தத்தை நீங்கள் கேட்க வேண்டும்.

மழைக்காலம் முடியும்வரை இங்கே இருக்கலாமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறார். இதைக் கேட்க வேண்டுமா என்று அவர் சொல்லிவிட்டார். கன்றையும் பசுவையும் வாத்தியார் வீட்டில் விட்டுவிட்டு நீங்களும் புறப்பட்டு வாருங்கள். அண்ணன் உங்களுக்குச் சொல்லச் சொன்னது ஒன்றுதான். வரும்போது நம் வீட்டுப் பெரிய அண்டாவை எடுத்து வரவேண்டுமாம். இங்கே இருக்கிற பாத்திரம் போதவில்லை.

பழனாத்தாள்